முசுடு வேறு, முரடு வேறு

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில், காய் பறிக்க மரமேறுகிறவர் கை காலெல்லாம் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொள்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பச்சை இலைகளைப் பந்துபோல ஒட்டிக் குடியிருக்கும் செவ்வெறும்புக்குத்தான் அந்த ஏற்பாடு. கிளை லேசாக அசைந்தால் போதும், கூட்டமாக இறங்கிக் கடிக்கும். கடித்த இடத்தில் எரிநீரையும் பீச்சும். அதன் பெயர் முசுறு. முசுடு என்றும் சொல்வது உண்டு.

தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற ஆளுக்கு இந்தப் பெயரை வைத்தவர், அந்த எறும்பிடம் கடி வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும்.

இது தெரியாமல் சிலர் குரங்கைக் குறிக்கும் முசு என்ற பழஞ்சொல்லை இதற்குத் தகப்பனாக்குகிறார்கள். மூஞ்சியை உர்ரென்று வைத்திருப்பவருக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் வழி அதுவல்ல. சங்க இலக்கியத்தில் இந்த எறும்புக்குப் பெயர் முயிறு. நற்றிணையின் 180ஆம் பாட்டில், வயலோரப் பாகலில் முயிறு மொய்த்த கூட்டின்மேல் நாரை உரச, செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்ததுபோல எறும்பும் முட்டையும் சிதறுகின்றன. உயிரை உசிர் என்றும் மயிரை மசிர் என்றும் சொல்லும் நாக்குதான் முயிறை முசிறு, முசுறு என்று ஆக்கியது.

அதைவிடப் பெரிய தவறு, முசுடையும் முரடையும் ஒன்றாக்குவது. முரடு மரத்தோடு சேர்ந்த சொல்: கோடாலி இறங்க மறுக்கும் கணு, இழைப்புளிக்கு அடங்காத மேடு. முரடன் கை ஓங்குவான், ஆனால் சிரித்துப் பேசவும் கூடும். முசுடு கை ஓங்காது, வாயாலேயே சுடும். என் பெரியப்பா ஒருவரிடம் கலியாண வீட்டில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "ஏன், நீ பரிமாறப் போகிறாயா?" என்பார். ஈயைக்கூட அடித்ததில்லை. அவரை முரடர் என்று எழுதினால் அது அபாண்டம். எருது விடும் விழாவில் திமிறுவது முரட்டு எருது. அதை முசுடு என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஓசூர்ப் பக்கம் போனால் வேறொரு வாதம் வரும்: தெலுங்கில் மொரட்டு, கன்னடத்தில் மொரடு இருப்பதால், முரடு அங்கிருந்து வந்த கடன் என்பார்கள். மூன்றும் பங்காளிகள், யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

எழுத்துப் பிழைகளும் உண்டு. முறடு அல்ல, முரடு. முரட்டுதனம் அல்ல, முரட்டுத்தனம். முசுடன் என்றும் எழுதிவிடுகிறார்கள்; எனக்கு அது காதில் ஒட்டுவதில்லை. பெரியப்பாவும் முசுடுதான், அத்தையும் முசுடுதான். ஆண்பால் பெண்பால் பார்த்தா எறும்பு கடிக்கிறது?