சோப்பைக் கண்டு மிளகு ஓடுவதில்லை

அக்கா மகள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத் தூளைத் தூவி, சோப்புத் தொட்ட விரலை நடுவில் வைத்தாள். தூள் மொத்தமும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது. "சோப்பைப் பார்த்து மிளகு பயந்து ஓடுது மாமா" என்றாள். ஆறு வயதுக்கு அது நல்ல விளக்கம்தான். சிக்கல் என்னவென்றால், பெரியவர்கள் எடுக்கும் வீடியோக்களிலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள்: சோப்பு மிளகைத் தள்ளுகிறது, விரட்டுகிறது.

முதல் தவறு அதுதான். தண்ணீரின் மேற்பரப்பு, நாலாபக்கமும் இழுத்துக் கட்டிய துணி மாதிரி விறைப்பாக இருக்கிறது. அந்த இழுப்புக்குப் பெயர் பரப்பு இழுவிசை. 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சோப்பு பட்ட இடத்தில் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு அணி பிடியைத் தளர்த்தினால் கயிறு எதிரணிப் பக்கம் போகிறது. தளர்த்தியவர்கள் அதைத் தள்ளிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. தட்டிலும் அதே கதை. நடுவில் பிடி தளர்கிறது, ஓரத்து நீர் பழைய பலத்தோடு இழுக்கிறது, மேற்பரப்பு அந்தப் பக்கம் நகர்கிறது. மிளகு அதில் சவாரி செய்கிறது, அவ்வளவுதான்.

வேதியியல்காரர்கள் இதையே 'பரப்பு அழுத்தம்' என்று தள்ளும் மொழியில் பேசுவதுண்டு. கணக்கில் விடை ஒன்றுதான். ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு இழுப்பாகவே சொல்லிக்கொடுங்கள். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஓட்டம் என்பது பிடிபட்டுவிட்டால் திசை குழம்பாது. இதற்கு மரங்கோனி விளைவு என்று பெயர். 1865-ல் இத்தாலியின் பாவியாவில் இதைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் கார்லோ மரங்கோனி.

2020-ல் இந்த மிளகு சோதனை கை கழுவச் சொல்லும் பாடமாக மாறியது. மிளகுதான் கிருமி, சோப்பு அதை விரட்டுகிறது என்றார்கள். குழந்தைகள் கை கழுவினார்கள், சந்தோஷம். ஆனால் சோப்பு கொரோனா வைரஸை அழிப்பது அதன் கொழுப்பு உறையைக் குலைத்து. தட்டில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது, இழுவிசை குறைந்தாலே ஓட்டம் வரும் என்று நினைப்பது. ஓட்டத்துக்கு வேண்டியது வித்தியாசம். அதே தட்டில் இரண்டாவது சொட்டு சோப்பை விட்டுப் பாருங்கள். பெரிதாக எதுவும் நடக்காது. தூள் பழசாகிவிட்டது என்று டப்பாவை மாற்றாதீர்கள். மேற்பரப்பு முழுக்கச் சோப்பு பரவி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்துவிட்டது, இழுக்க ஆளில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரு சிறு சூடத் துண்டைத் தண்ணீரில் போட்டால் வெகுநேரம் சுற்றிச் சுற்றி ஓடும். சூடமும் பக்கத்து நீரின் இழுவிசையைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் பரவிய சூடம் சோப்பு போலத் தங்காமல் காற்றில் கலந்துவிடுகிறது. மேற்பரப்பு மறுபடி விறைக்கிறது, வித்தியாசம் தீர்வதே இல்லை.

சூடம் ஓடவில்லையா? பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 1890-ல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, சூடத்தின் ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு எண்ணெய் போதும் என்று அளந்தார். சுமார் 1.6 நானோமீட்டர் தடிமன், அதாவது ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு அளவு, போதுமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த விரலால் தண்ணீரைத் தொட்டாலே ஆட்டம் முடிந்தது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் மட்டும் போதாது, சோப்பு துளியும் மிஞ்சாமல் பலமுறை அலச வேண்டும். தண்ணீரை விளிம்பு வழிய ஊற்றி மேற்பரப்பை ஓடவிட்டால் இன்னும் நல்லது.

சரி, வெப்பத்துக்கு வருவோம். சூடான இடம் பலமாக இழுக்கும் என்று தோன்றும், உண்மை தலைகீழ். சூடேறினால் பெரும்பாலான திரவங்களின் இழுவிசை குறையும், ஆகவே மேற்பரப்பு சூட்டிலிருந்து குளிர்ச்சிப் பக்கம் ஓடும். ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருகிய இரும்பில் கொஞ்சம் கந்தகம் இருந்தால் சூடேறும்போது இழுவிசை கூடவும் செய்யும். அப்போது வெல்டிங் குழம்பு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடி, வெப்பத்தைக் கீழே கொண்டுபோகிறது. வெல்டிங் ஆழமாக இறங்குகிறது. ஒரே ரகத் தகடு, ஒரே கரண்ட், ஆனால் ஒரு லோடு ஆழமாகப் பிடிக்கிறது, இன்னொன்று மேலோடு நிற்கிறது என்றால், வெல்டரைத் திட்டும் முன் கந்தக அளவைப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் பெரிய விஞ்ஞானிகளே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1900-ல் பிரான்ஸில் இயற்பியலாளர் ஆன்ரி பெனார், கீழிருந்து சூடாக்கிய மெல்லிய திரவப் படலத்தில் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களைக் கண்டார். சூடான திரவம் லேசாகி மேலே வருவதால் வந்த கட்டங்கள் என்று 1916-ல் கணக்குப் போட்டவர் அதே ராலேதான். கணக்கில் பிழையில்லை, ஆனால் பெனாரின் படலத்துக்கு அது பொருந்தவில்லை. அங்கே வேலை செய்தது பரப்பு இழுவிசை என்பது 1950-களில் பிளாக், பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்களில் முன்னவரின் சோதனையாலும் பின்னவரின் கணக்காலும்தான் தெளிவானது. 1971-ல் அப்பல்லோ 14 விண்கலத்தில், எடையே இல்லாததால் லேசானது மேலே வர வாய்ப்பே இல்லாத இடத்தில், சூடாக்கிய திரவம் அப்படியும் சுழன்றது. அதற்காக உலைத் தண்ணீரில் மரங்கோனியைத் தேட வேண்டாம். ஆழம் கூடினால் லேசாகி எழுவதுதான் ஜெயிக்கும். படலம் மெலிய மெலியத்தான் இழுவிசையின் கை ஓங்கும்.

ஒயின் கோப்பையின் உள்பக்கம் துளிகள் வழிந்தால் உயர்ந்த சரக்கு என்பதும் வெறும் பேச்சு. கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் வேகமாக ஆவியாகிறது, அங்கே இழுவிசை கூடி கீழே இருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது, சேர்ந்தது துளியாக வழிகிறது. 1855-லேயே பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். கோப்பையை மூடி வையுங்கள், நின்றுவிடும்.

கடைசியாக, காபிக் கறை. சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்த வளையமாகத் தெரியும். உடனே மரங்கோனி என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. துளியின் விளிம்பு தரையில் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது, அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடும்போது தூளையும் அள்ளிக்கொண்டு போகிறது. 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது இது. மரங்கோனி ஓட்டம் பலமாக இருந்தால் தூளை நடுவுக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையத்தைக் கெடுத்துவிடும். தண்ணீர்த் துளியில் அது பெரும்பாலும் அவ்வளவு பலமாக இருப்பதில்லை. காரணம், சூடத்தை நிறுத்திய அதே கண்ணுக்குத் தெரியாத அழுக்கு.