களைப்பா, காற்றா? 70 மீட்டரில் அம்பு விலகும்போது சைட்டைத் தொடுவதற்கு முன்

70 மீட்டர் தகுதிச் சுற்று 72 அம்புகள் கொண்டது. முதல் 36 அம்புகளில் இலக்கின் நடு மஞ்சளைச் சுற்றிக் கூடியிருந்தவை இரண்டாம் பாதியில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். உடனே கை சைட்டுக்கு, அதாவது வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவிக்கு, போகும். ஒரு திருப்பு திருப்பியதும் அடுத்த எண்டில் (ஆறு அம்புகள் கொண்ட சுற்று) முதல் இரண்டு அம்பு நீலத்தில் மேலே, கடைசி இரண்டு மஞ்சளில். மறுபடி திருப்பு. பத்து நிமிடத்தில் சைட் எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும்.

காற்றால் விலகிய அம்புக்கு சைட்டை நகர்த்தலாம். உடல் சோர்ந்து விலகிய அம்புக்கு நகர்த்தவே கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் குறிப்புகள். வலக்கையால் நாண் இழுப்பவர், ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது), கிளிக்கர் (அம்பு முழு அளவு இழுபட்டதும் கிளிக் என்று ஒலிக்கும் சிறு தகடு) என்று வைத்து எழுதியிருக்கிறோம். இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படிக்கவும்.

முதலில் சில அளவுகள் மனதில் இருக்கட்டும். 122 செ.மீ. இலக்கில் ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 6.1 செ.மீ. கண்ணுக்கும் சைட் முனைக்கும் இடையே ஏறக்குறைய 85 செ.மீ. இருக்கும். அப்படியானால் சைட்டில் 1 மி.மீ. என்பது 70 மீட்டரில் 8 செ.மீ., ஒரு வளையத்துக்கும் மேல். வேகத்தையும் பாருங்கள். வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தை இழந்தால் இலக்கில் 6, 7 செ.மீ. கீழே குத்தும். கிளிக்கர் விழுந்த பிறகு நாண் 2, 3 மி.மீ. முன்னால் நழுவினாலே அவ்வளவு வேகம் போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நழுவல் தெரியவே தெரியாது.

களைப்பு எப்படித் தலைகாட்டும்

44 பவுண்டு வில் என்றால் ஒவ்வொரு அம்புக்கும் 20 கிலோ இழுக்கிறீர்கள். 72 அம்புக்கு 1,440 கிலோ. பயிற்சி அம்புகளும், இழுத்து விடாமல் இறக்கியவையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இதைத் தாங்க வேண்டியவை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் முதுகுத் தசைகள். அவை தளர்ந்ததும் கழுத்தோரத் தசையும் முன்கையும் வேலையை வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்துதான் எல்லாம் கெடுகிறது.

தெளிவான அடையாளம் கிளிக்கர். நங்கூரம் (இழுத்த கை தாடையில் நிலைகொள்ளும் இடம்) பிடித்ததும் அம்பு முனை கிளிக்கருக்கு அடியில் 1, 2 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை முதுகு விரிந்து இழுக்கும். நல்ல நிலையில் இது 2, 3 வினாடியில் நடக்கும். 40ஆவது அம்புக்கு மேல் அது 5 வினாடி ஆனால் முதுகு தளர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு வில்லாளி தன்னை அறியாமலே குறுக்கு வழி தேடுவார். முகத்தை நாணை நோக்கி நீட்டுவார், வில் தோளை உயர்த்துவார், விரலால் பிடுங்குவார். பிடுங்கினால் கை கன்னத்தை விட்டு வெளியே பறக்கும், அம்பு இடப்பக்கம் போகும். கிளிக் கேட்டதும் வில் கையைத் தொப்பென்று இறக்கினால் அம்பு கீழே போகும். கிளிக் கேட்டபின் நாண் முன்னால் நழுவினாலும் கீழேதான்.

ஆக, களைப்பின் கையெழுத்து கீழே, பிறகு கீழே இடப்பக்கம். கூடவே குழு, அதாவது அம்புகள் குத்திய கூட்டம், செங்குத்தாக நீளும். காற்றுக்கு இந்தக் குணம் கிடையாது. பக்கக்காற்று குழுவை முழுசாக ஒரு பக்கம் தள்ளும். குழுவின் உயரம் பெரிதாக மாறாது.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. அம்புகளில் 1 முதல் 6 வரை எண் எழுதி, எண் வரிசைப்படியே எய்யுங்கள். அம்பைப் பிடுங்கும் முன் எந்த எண் எங்கே குத்தியிருக்கிறது என்று சிறு நோட்டில் வட்டம் போட்டுக் குறியுங்கள். மூன்று எண்ட் போதும். 1, 2, 3 சரியாக இருந்து 4, 5, 6 இறங்கியிருந்தால் அது களைப்பு, சைட்டைத் தொடாதீர்கள். ஆறும் சேர்ந்து வலப்பக்கம் போயிருந்தால் அது காற்று. 4 மட்டும் ஒவ்வொரு எண்டிலும் தனியாகப் போனால் உங்கள் மேலும் குற்றமில்லை, காற்றின் மேலும் குற்றமில்லை. அந்த அம்பின் நாக்கையும் (நாணில் பொருந்தும் பின்நுனி) இறகையும் பாருங்கள்.

களைப்பு என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? 6 வினாடிக்குள் கிளிக்கர் விழவில்லை என்றால் வில்லை இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கும் உடல் வலு செலவாகும் என்று பலர் தயங்குகிறார்கள். செலவாகும்தான். ஆனால் 9 வினாடி பிடித்து எய்யும் அம்பு அதைவிட அதிகமாகத் தின்னும், கூடவே மதிப்பெண்ணையும் கொண்டுபோகும். இரண்டு அம்புக்கு நடுவே கீழ் லிம்ப் (வில்லின் வளையும் கிளை) நுனியைக் காலணி மேல் ஊன்றி, வில் கையைத் தளர்த்துங்கள். எண்ட் முடிந்ததும் வில்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிழலில் உட்காருங்கள். நின்றுகொண்டே பேசிக் கழிக்கும் நேரம் ஓய்வு ஆகாது.

காற்று

காற்று அம்பைத் தள்ளுவதைவிட உங்களைத் தள்ளுவதே பெரிய சேதம். ஸ்டெபிலைசர் (வில்லைச் சமன்செய்யும் நீண்ட தண்டு) ஆடும், சைட் மஞ்சளில் நிற்காது. நிற்கட்டும் என்று காத்திருப்பீர்கள். 3 வினாடிப் பிடிப்பு 7 வினாடியாகும். 20 அம்பில் வர வேண்டிய களைப்பு 10 அம்பில் வந்துவிடும். அதனால் காற்று நாளில் முதல் விதி, சைட் அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது மஞ்சளுக்குள் மிதக்கட்டும். நீங்கள் முதுகை விரித்துக்கொண்டே போங்கள். கிளிக்கர் தன் நேரத்தில் விழும்.

அடுத்து, காற்றைப் படிப்பது. ஒவ்வொரு இலக்கின் மேலும் சிறு கொடி இருக்கும். அது 70 மீட்டருக்கு அப்பால் இருக்கும் காற்றைத்தான் சொல்கிறது. அம்பைப் பெரும்பாலும் கெடுப்பது எய்யும் கோட்டுக்கு அருகில் உள்ள காற்று. தொடக்கத்தில் கிடைத்த பக்கவாட்டுத் தள்ளல் மிச்ச தூரம் முழுக்க அம்போடு பயணப்படும். கடைசி 10 மீட்டரில் கிடைத்த தள்ளலுக்கு விலக நேரமே இல்லை. ஆகவே கன்னத்தில் படும் காற்றையும், மைதானத்தின் நடுவில் புல் சாயும் விதத்தையும், கொடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் கேலரி உள்ள அரங்கில் இந்த மூன்றும் மூன்று திசையைக் காட்டுவது சாதாரணம். அப்போது கன்னத்தில் படுவதை நம்புங்கள்.

சீராக ஒரே பக்கம் அடிக்கும் காற்றுக்கு சைட்டை நகர்த்துவதே நல்லது. அம்பு போன பக்கமே சைட்டும் போக வேண்டும்: வலப்பக்கம் விலகினால் சைட்டை வலப்பக்கம். 8 செ.மீ. விலகலுக்கு 1 மி.மீ. என்ற கணக்கு இங்கே உதவும். தொடக்க நிலையைக் கட்டாயம் எழுதி வையுங்கள். பயிற்சி நேரத்தில் வைத்த அளவு நோட்டில் இல்லையென்றால் காற்று நின்றதும் திரும்பிப் போக வழியிருக்காது.

விட்டுவிட்டு அடிக்கும் காற்றில் சைட்டைத் துரத்தினால் தோற்பீர்கள். நடுத்தரமான காற்றுக்கு ஒரு முறை சைட் வைத்துவிடுங்கள். கொடி அந்த நடுநிலைக்கு வரும்போது எய்யுங்கள். வரவில்லை என்றால் குறியைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி வையுங்கள். இடமிருந்து அடித்தால் இடப்பக்கச் சிவப்பில், 9 மணி திசையில். எவ்வளவு தள்ளுவது என்பதை முந்தைய அம்பு சொல்லும். நேருக்கு நேர் போட்டியில் மாறி மாறி எய்யும்போது ஒரு அம்புக்கு 20 வினாடிதான். அங்கே காத்திருக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். குறியைத் தள்ளி வைத்து எய்வதை அதனால்தான் பயிற்சியிலேயே பழக வேண்டும்.

வில்லின் மேல் லிம்பைக் காற்று வரும் பக்கம் லேசாகச் சாய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் ஒரே அளவு சாய்க்க முடிந்தவருக்கு மட்டும்தான். களைத்த கை அதைச் செய்யாது. எதிர்க்காற்றில் அம்பு சற்றுக் கீழேயும், பின்காற்றில் சற்று மேலேயும் போகும். பக்கக்காற்றோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் எதிர்க்காற்றின் இறக்கத்தையும் களைப்பின் இறக்கத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. மேலே சொன்ன எண் வரிசைச் சோதனை இங்கேதான் கைகொடுக்கும்: எதிர்க்காற்று ஆறு அம்பையும் ஒரே அளவு இறக்கும்.

வெயில்

டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்று 2021 ஜூலை 23 அன்று யுமெனோஷிமா பூங்காவில் நடந்தது. 72 அம்பையும் முடித்துவிட்டு மதிப்பெண் பார்க்க நின்ற ரஷ்ய வீராங்கனை ஸ்வெத்லானா கோம்போயெவா வெயிலில் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் கழித்து அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் நிலை வில்லாளிக்கே இது நடக்கும் என்றால் நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் 72 அம்பு எய்கிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மி.லி. குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சேரட்டும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் என்று எது வந்தாலும் அன்றைய அம்பு அத்தோடு போதும், நிழலுக்கு வந்து உடம்பைக் குளிரவைக்க வேண்டும். குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ உடனே மருத்துவ உதவி.

வியர்வை சிறு வேலைகளையும் செய்யும். தாடையில் வியர்வையோ சன்ஸ்க்ரீனோ இருந்தால் நாண் படும் இடம் வழுக்கும், நங்கூரம் ஒவ்வொரு முறையும் வேறாகும். அதனால் சன்ஸ்க்ரீனை நாண் தொடும் மூக்கு நுனி, உதடு, தாடை வரிசையை விட்டுத் தடவுங்கள். கைப்பிடிக்கும் ஃபிங்கர் டேபுக்கும் (நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் பட்டை) தனித்தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் முன்விளிம்பு நாணில் உரசாதபடி குட்டையாக இருக்க வேண்டும். உரசினால் தலையை ஒவ்வொரு அம்புக்கும் கொஞ்சம் திருப்பிக்கொள்வீர்கள்.

வில்லை வெயிலில் விடாதீர்கள், மூடிய காரில் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் நாண் நீளும், பிரேஸ் ஹைட் (கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையேயுள்ள தூரம்) குறையும், குழுவின் இடம் மாறும். காலையில் அளந்து எழுதிக்கொண்டு மதியம் மறுபடி அளவுகோலால் பாருங்கள். 68 அங்குல வில்லுக்கு அது பொதுவாக 21.5 முதல் 23 செ.மீ.க்குள் இருக்கும். குறைந்திருந்தால் நாணைக் கழற்றி முறுக்கு ஏற்றிச் சரிசெய்யலாம். சைட்டைத் திருப்புவது கடைசி வழி.

மழையில் நாண் தண்ணீர் குடித்துக் கனமாகும், அம்பு கீழே போகும். முந்தைய நாளே நாணில் மெழுகு தேய்த்து வையுங்கள். ஒவ்வொரு எண்டுக்கும் முன் நாணை விரலால் வழித்து நீரை உதறுங்கள். சைட் வளையத்தில் தொங்கும் துளியை ஊதிவிடுங்கள்.

களைப்பைத் தள்ளிப்போட

பிடிப்புப் பயிற்சிதான் நேரடி வழி. இலக்கின் முன் நின்று, அம்பு பூட்டி, முழு இழுப்பில் 15 வினாடி பிடியுங்கள். பிறகு மெல்ல இறக்கி 45 வினாடி ஓய்வு. 6 முதல் 8 முறை, வாரம் மூன்று நாள். அம்பு இல்லாமல் செய்யாதீர்கள். விரல் நழுவி வெறும் நாண் போனால் லிம்ப் உடையலாம். நாள் அம்பு எண்ணிக்கையை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் 60ஆவது அம்பில் கிளிக்கர் நேரம் இரண்டு மடங்காகிறது என்றால் வில் உங்களுக்குக் கனம். மேல், கீழ் லிம்ப் போல்ட் இரண்டையும் ஒரே அளவு, அரைத் திருப்பாகத் தளர்த்துங்கள். தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது. எடை குறைந்ததும் அதே அம்பு வில்லுக்கு விறைப்பாகிவிடும், இடப்பக்கம் குத்தத் தொடங்கும், மொத்தக் குழுவும் இறங்கும். அன்று சைட்டைத் தாராளமாக நகர்த்தலாம். பட்டன் ஸ்பிரிங்கையும் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சிறு ஸ்பிரிங்) அதோடு சேர்த்து, காற்றில்லாத காலையில் சரிபாருங்கள்.