அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் டயரைத் தடவிப் பாருங்கள்

கார் இடப்பக்கம் இழுக்கிறது என்றதும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் காற்று. ஒரு முன்சக்கரத்தில் காற்றழுத்தம் 33 PSI, மற்றதில் 26 என்றிருந்தால் குறைந்த பக்கம்தான் இழுக்கும். அப்புறம், மழைநீர் வடிய நம் சாலைகளை ஓரத்துக்குச் சரித்துப் போட்டிருப்பார்கள். லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது கோளாறே இல்லை.

என்னைக் கேட்டால் மிஷினைவிட உள்ளங்கையைத்தான் முதலில் நம்புவேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, டயர் பட்டன்களின் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின்) மேல் கையைக் குறுக்காக ஓட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பு, திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கீறல் என்றால் டோ-இன் அதிகம், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் டோ-அவுட், முன்பக்கம் வெளிநோக்கி. (கம்பி துருத்திய டயரில் கை வைக்காதீர்கள்.) கீறல் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேம்பரை (சக்கரத்தின் மேல்புறம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) சந்தேகிக்கலாம். சின்னக் கார்கள் பலவற்றில் அதைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. வளைந்த பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) கோளாறு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள்.

சரி, ஜாக்கி போட்டு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) போயிருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடிக்கும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) அல்லது பேரிங். ஆடும் பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால், மிஷின் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்; அடுத்த பள்ளத்திலேயே அளவு மாறிவிடும்.