இருக்குற டிஸ்க் அர்ரேக்கு நாஸ் கேட்வே எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

நிறைய எடத்துல நடக்குறது இதுதான், ஏற்கனவே ஒரு சான் அர்ரே (நெட்வொர்க் வழியா பல சர்வருக்கு எடம் குடுக்குற டிஸ்க் பெட்டி) ஓடிட்டு இருக்கும், டேட்டாபேஸுக்கும் விஎம்வேருக்கும் லன் (அர்ரேல ஒதுக்குற ஒரு துண்டு எடம், சர்வருக்கு தனி டிஸ்க் மாதிரி தெரியும்) பிரிச்சு குடுத்திருப்பாங்க, திடீர்னு யூசருங்களுக்கு ஷேர்டு ஃபோல்டர் வேணும்னு வந்ததும் அர்ரேல மிச்சம் இருக்குற எடத்துக்கு முன்னாடி ஒரு நாஸ் கேட்வே போட்டுடலாம்னு முடிவு பண்ணிடுவாங்க. முடிவு தப்பில்ல, புது டிஸ்க் வாங்குற காசு மிச்சம். ஆனா வாங்குறப்ப கேட்வேயோட டேட்டாஷீட்ட மட்டும் வரி வரியா படிக்கிறாங்க, பின்னாடி நிக்கிற அர்ரேய யாரும் கண்டுக்கிறதே இல்ல. கேட்வேக்குன்னு சொந்த டிஸ்க் கெடையாது, அர்ரே குடுக்குற லன் மேல தன்னோட ஃபைல் சிஸ்டத்த போட்டு என்எஃப்எஸ், எஸ்எம்பி (லினக்ஸும் விண்டோஸும் ஃபைல் ஷேர் பண்ற முறைங்க) வழியா வெளிய குடுக்கும், அவ்ளோதான் அதோட வேல. அர்ரேல என்ன குறை இருக்கோ அது அப்படியே ஷேர் வரைக்கும் வந்து சேரும்.

ஸ்பீடுலதான் பெரும்பாலும் ஏமாறுறாங்க. 10 ஜிகாபிட் போர்ட் இருக்கு, செகண்டுக்கு 1 ஜிபிக்கு மேல போகும்னு சொன்னா நம்பிடுறோம், ஆனா 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒண்ணு ரேண்டம் வேலைல செகண்டுக்கு 75லருந்து 100 ஐஓ (ஒரு தடவ படிக்கிறது இல்ல எழுதுறது) தான் தரும், ரெய்டு 6ல (ரெண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தாங்குற முறை) ஒரு சின்ன ரைட் பண்ணா பின்னாடி 6 ஐஓ ஆகுது, ரெய்டு 5ன்னா 4. 12 டிஸ்க் ரெய்டு 6 குரூப்ப டிஸ்க்குக்கு 80ன்னு வச்சு கணக்கு போட்டா செகண்டுக்கு 160 ரேண்டம் ரைட் தான் தேறும், கண்ட்ரோலர் கேஷ் கொஞ்சம் தாங்கும், தொடர்ந்து லோடு வந்தா அதுவும் நெறஞ்சிடும். ஃபைல் ஷேர்ல வர்ற வேலையே சின்ன சின்ன ஃபைலும் மெட்டாடேட்டாவும் (ஃபைலோட பேர், சைஸ், பர்மிஷன் மாதிரி விவரம்) தான், அங்க போர்ட் ஸ்பீடு ஒண்ணும் பண்ணாது. டெமோல பறக்குதேன்னு கேப்பீங்க, டெமோ டேட்டா மொத்தமும் கேட்வேயோட ராம்லயே உக்காந்துக்கும், அதான் பறக்குது. டெஸ்ட் பண்ணா ராம் அளவ விட பல மடங்கு பெரிய டேட்டாவ வச்சு, அதே அர்ரேல டேட்டாபேஸ் பிஸியா இருக்குற நேரத்துலயும் ராத்திரி பேக்கப் ஓடுற நேரத்துலயும் பண்ணுங்க, டேட்டாபேஸ் காரங்க கிட்டயும் அவங்க பக்கம் லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) ஏறுச்சான்னு கேட்டுக்கோங்க.

இன்னொன்னு ரொம்ப ஆபத்தானது. லன்ல ஏற்கனவே இருக்குற ஃபைலெல்லாம் கேட்வேய மாட்டுனதும் ஷேரா தெரியும்னு சிலர் நெனைக்கிறாங்க. பெரும்பாலான கேட்வே லன்ன எடுத்ததும் தன்னோட ஃபார்மட்ட போட்டுடும், உள்ள இருந்தது போச்சு. அதனால டேட்டாவ காப்பி பண்ண தனியா எடம் வேணும், அந்த எடத்தையும் சேத்துதான் ப்ளான் போடணும். லன் மாஸ்கிங்கையும் (எந்த லன் எந்த சர்வருக்கு தெரியணும்ங்கற செட்டிங்) ரெண்டு பேர் உக்காந்து சரி பாருங்க, வேற சர்வருக்கு குடுத்த லன் கேட்வே கண்ணுலயும் பட்டுச்சுன்னா ஒரே ஒரு தப்பான க்ளிக்ல முடிஞ்சிடும்.

அர்ரேயும் கேட்வேயும் பேசிக்குற ஐஸ்கஸி, ஃபைபர் சேனல் எல்லாம் ஸ்டாண்டர்டு தானே, எதுவும் எதோடயும் வேல செய்யும்னு விட்டுடாதீங்க. அர்ரே மாடல், அதோட ஃபர்ம்வேர், ஸ்விட்ச், ஹெச்பிஏ (அர்ரேயோட இணைக்குற கார்டு), மல்டிபாத் முறை (ஒரே லன்னுக்கு பல வழி வைக்கிறது) இவ்ளோவும் வெண்டரோட சப்போர்ட் மேட்ரிக்ஸ்ல (எது எதோட வேல செய்யும்ங்கற பட்டியல்) ஒண்ணா இருக்கணும். ரெண்டு தலை (கேட்வே சர்வர்) வச்ச கிளஸ்டர்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா செத்துப்போன தலைய லன் பக்கம் வர விடாம தடுக்க பல கேட்வே ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனதான் நம்புது, அர்ரே அத ஒழுங்கா செய்யலன்னா ரெண்டு தலையும் ஒரே நேரத்துல எழுதி ஃபைல் சிஸ்டமே நாசமாகும். காசு குடுக்குறதுக்கு முன்னாடியே கேபிள பிடுங்கி, அர்ரே கண்ட்ரோலர் ஒண்ண ரீபூட் பண்ணி பாத்துடுங்க. ஃபெயில்ஓவர் (ஒரு தலை போனா இன்னொண்ணு வேலய எடுத்துக்கிறது) ஆகும்போது க்ளையன்ட் பக்கம் என்ன ஆகுதுன்னும் பாருங்க, என்எஃப்எஸ் ஹார்டு மவுன்ட் காத்திருந்து தொடரும், எஸ்எம்பில கன்டினியூவஸ் அவைலபிலிட்டி (ஃபெயில்ஓவர்லயும் தொடர்பு அறாம வைக்கிற வசதி) இல்லன்னா தொறந்து வச்ச ஃபைல் அறுந்துடும்.

தின் ப்ரொவிஷனிங்க (எழுத எழுத மட்டும் நெஜ எடம் எடுக்குற முறை) ரெண்டு பக்கமும் போட்டுட்டு மறந்துடுறது அடிக்கடி நடக்குது. யூசர் ஃபைல டெலீட் பண்ணா கேட்வேல எடம் காலி ஆகும், அன்மேப் கமாண்ட் கீழ வரைக்கும் போனாதான் அர்ரேக்கு அது தெரியும், போகலன்னா அர்ரே பூல் (லன்னுக்கெல்லாம் எடம் குடுக்குற பொது எடம்) நெறஞ்சுகிட்டே வரும், கேட்வே ஸ்க்ரீன்ல இன்னும் பாதி காலின்னு காட்டும், ஒரு நாள் ரைட் ஃபெயில் ஆகி ஃபைல் சிஸ்டமே ஆஃப்லைன் போயிடும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் தின் வைங்க, அலர்ட் மட்டும் அர்ரே பூல் அளவுக்கு கண்டிப்பா வைங்க. ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்) இப்படித்தான், ஒரு ஃபைல் சிஸ்டம் 4 லன் மேல பரவியிருந்தா அர்ரேல எடுக்குற ஸ்னாப்ஷாட் நாலையும் ஒரே நொடில கன்சிஸ்டன்சி குரூப்பா எடுக்கணும், தனித்தனியா எடுத்தது ரெஸ்டோருக்கு உதவாது. இசட்எஃப்எஸ் (டேட்டா கெட்டுச்சான்னு தானே சரி பாக்குற ஃபைல் சிஸ்டம்) ஓடுற கேட்வேன்னா, அர்ரே குடுக்குற ஒத்த லன் மேல பூல் போட்டா கெட்டுப்போன டேட்டாவ கண்டுபிடிச்சு சொல்லும், சரி பண்ண இன்னொரு காப்பி அதுகிட்ட இருக்காது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே ஃபோல்டர தொடும்னா பர்மிஷன் யார் முறைல நடக்கும்னு முதல்லயே முடிவு பண்ணுங்க, அப்புறம் மாத்துறது பெரிய தலைவலி. என்எஃப்எஸ்ல சாதாரண அத்தென்டிகேஷன்ல ஒரு யூசருக்கு 16 குரூப் வரைக்கும் தான் போகும், அதுக்கு மேல குரூப் வச்சிருக்குறவருக்கு காரணமே தெரியாம ஆக்சஸ் மறுக்கப்படலாம், கேட்வே இத எப்படி சமாளிக்குதுன்னு வெண்டர் கிட்ட கேளுங்க.

கடைசியா அர்ரேயோட சப்போர்ட் எப்போ முடியுதுன்னு பாருங்க, ஏன்னா கேட்வே லைசன்ஸ் அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடலாம். புது அர்ரே வந்ததும் அதோட லன்ன சேத்து, ஷேர நிறுத்தாம டேட்டாவ அடியில நகத்த முடியுமா, லைசன்ஸ் டெராபைட் கணக்குன்னா அந்த ரெண்டு அர்ரேயும் சேந்து நிக்கிற மாசங்களுக்கு ரெண்டு மடங்கு காசு கேப்பாங்களா, இத எழுத்துல வாங்கிட்டு கையெழுத்து போடுங்க.