முதலில் கேள்வி, அப்புறம் கூகுள்: பண்டைய வரலாற்று ப்ராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிந்துவெளி நாகரிகம் பற்றித் தகவல் திரட்டி வா" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைக்கு அது நினைவுக்கு வரும். அம்மா போனில் விக்கிப்பீடியாவைத் திறப்பார், அப்பா பிரின்ட் எடுக்கக் கடை தேடிப் போவார், சார்ட் பேப்பரில் நான்கு படங்கள் ஒட்டப்படும். மறுநாள் "வெரி குட்" கிடைத்துவிடும். மொகஞ்சதாரோ பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம் என்று பிள்ளை அழகாக எழுதியிருக்கும். அது குளிப்பதற்கான இடம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், விழிக்கும்.

இணையம் வழியாகப் பிள்ளைகளை ஆராய வைக்கும் முறை ஒன்று முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்பவர் டாம் மார்ச்சுடன் சேர்ந்து அதற்கு ஒரு வடிவம் கொடுத்து 'வெப்குவெஸ்ட்' என்று பெயர் வைத்தார். முன்னுரை, செய்ய வேண்டிய பணி, படிப்படியான வழிமுறை, ஆசிரியரே தேர்ந்தெடுத்த இணையப் பக்கங்கள், மதிப்பீடு, முடிவு என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தகவலைத் தேடுவதில் பிள்ளையின் நேரம் போகக்கூடாது, கிடைத்த தகவலை வைத்து யோசிப்பதில் போக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நம் ஊர் ப்ராஜெக்ட்டுகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

முதல் தவறு, தலைப்பைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கொடுத்ததாக நினைத்துக்கொள்வது. 'எகிப்திய நாகரிகம்' என்பது தலைப்பு. 'பிரமிடைக் கட்டியது யார்?' என்பது கேள்வி மாதிரி தெரியும், ஆனால் கூகுளில் தட்டினால் முதல் வரியிலேயே விடை வந்துவிடும். 'பிரமிடைக் கட்டியவர்கள் அடிமைகள் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்கிறார் இன்னொருவர். இந்த நான்கு சான்றுகளைப் பார். யார் பக்கம் நிற்பாய், எதனால்?' என்று கேட்டால்தான் பிள்ளைக்கு வேலை இருக்கிறது. கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்களே அதை ஒரு ஏஐ செயலியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே பத்தியில் முடித்துவிட்டதென்றால் பிள்ளையும் அப்படித்தான் முடிக்கும். கேள்வியை மாற்றுங்கள்.

அடுத்தது, பத்து வயதுப் பிள்ளையைத் திறந்த இணையத்தில் இறக்கிவிடுவது. கெட்டது எதையாவது பார்த்துவிடும் என்ற பயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. எது நம்பத்தக்க பக்கம் என்று கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் நடத்திய ஓர் ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களே பார்வைக்குக் கண்ணியமாக இருந்த வலைத்தளங்களை நம்பி ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் மூழ்கிப் படிக்காமல், உடனே வெளியே வந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம், ஆனால் அது தனிப் பாடம். வரலாற்றுப் பாடத்துக்கு ஐந்தாறு பக்கங்களை நீங்களே பொறுக்கிக் கொடுங்கள். சிந்துவெளிக்கு ஹரப்பா டாட் காம் நல்ல தளம். பொருள்களின் படங்களும் அறிஞர்களின் விளக்கமும் ஒரே இடத்தில் கிடைக்கும். எகிப்துக்கு பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட் மியூசியம் இரண்டின் சேகரிப்புகளும் இணையத்தில் இருக்கின்றன.

பொறுக்கிக் கொடுத்த லிங்க்குகளை முந்தின நாள் ஒருமுறை திறந்து பாருங்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பழைய வெப்குவெஸ்ட்டுகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், பாதி லிங்க் செத்துப் போயிருக்கும். முக்கியமான பக்கங்களைப் பிடிஎஃப்-ஆகச் சேமித்து வைத்துவிட்டால், பள்ளியில் நெட் போனாலும் வகுப்பு நிற்காது.

மொழியையும் மறந்துவிடக்கூடாது. நல்ல பக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்வழிப் பிள்ளையிடம் தானியங்கி மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் அது பாதி புரிந்து பாதி புரியாமல் அப்படியே எழுதிக்கொண்டு வரும். ஒவ்வொரு சான்றுக்கும் ஆசிரியரே ஐந்து வரித் தமிழ்ச் சுருக்கம் எழுதித் தருவது கொஞ்சம் வேலைதான், ஆனால் அதற்குக் குறுக்கு வழி இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, எல்லாச் சான்றுகளையும் ஒரே தட்டில் வைப்பது. இணையத்தில் எல்லாமே ஒரே திரையில் ஒரே எழுத்துருவில் வருவதால், எது அந்தக் காலத்தது, எது பின்னால் வந்தவர் கேள்விப்பட்டு எழுதியது என்ற வித்தியாசம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரமிடையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் மும்மாத முறை வைத்து இருபது ஆண்டுகள் வேலை செய்ததாகச் சொன்னவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். வேலையாட்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு ஆன செலவைப் பிரமிடிலேயே எழுதியிருந்ததாகவும் அவர் சொல்கிறார். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் அவர் வாழ்ந்தது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். எகிப்திய அரசன் கூஃபுவின் பெரிய பிரமிடு கீசாவில் எழுந்தது அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன். இன்று நாம் கரிகாலனைப் பற்றிக் கதை கேட்கும் தூரம் அது.

இப்போது இன்னொரு சான்றைப் பக்கத்தில் வையுங்கள். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் தொல்லியலாளர் பியர் டாலே தலைமையிலான குழு 2013-இல் பாப்பிரஸ் ஏடுகளை, அதாவது நாணல் வகைச் செடியிலிருந்து செய்த தாள்களை, கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குத் தெரிந்தவரை இவைதான் மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய பணிக் குறிப்பு இருக்கிறது. தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோனதை அவர் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். வேலை நடந்துகொண்டிருந்தபோதே எழுதிய கணக்கு! மூன்றாவதாக, கீசாவில் பிரமிடுக்குப் பக்கத்திலேயே வேலையாட்களின் கல்லறைகள் 1990-இல் வெளிப்பட்டன. உடைந்து, பிறகு ஒழுங்காகக் கூடிய எலும்புகள் அங்கே கிடைத்தன. நான்காவதாக, தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு அங்கே தோண்டிய வேலையாட்கள் குடியிருப்பில் ரொட்டி சுட்ட இடங்களும் ஏராளமான மாடு, ஆடு எலும்புகளும் கிடைத்தன.

இந்த நான்கையும் மேசையில் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றையும் பற்றி மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யார் சொன்னது? எப்போது? அவர் நேரில் பார்த்தாரா? இவ்வளவுதான் கருவி. பிள்ளைகள் உடனே "அப்போ அடிமைகள் இல்லை" என்று குதிப்பார்கள். அங்கே நிறுத்தி, "கறிச்சோறு போட்டார்கள் சரி, வரமாட்டேன் என்று சொல்ல முடிந்திருக்குமா?" என்று கேளுங்கள். அரசன் கட்டாயமாக ஆள் திரட்டியிருக்கலாம் என்பதையும் அறிஞர்கள் பேசுகிறார்கள். ஆடு எலும்பு உணவைப் பற்றித்தான் சொல்லும், விருப்பத்தைப் பற்றிச் சொல்லாது. இந்த இடத்தில் வகுப்பில் சண்டை வந்தால் ப்ராஜெக்ட் நன்றாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த சின்னத் தவறு, ஆராய்ச்சியின் வயதைப் பார்க்காமல் விடுவது. மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் படையெடுத்து மக்களைக் கொன்று குவித்தார்கள் என்று 1940-களில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் எழுதினார். அந்த எலும்புக்கூடுகள் ஒரே சமயத்தில் கொல்லப்பட்டவர்களுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1964-இலேயே ஜார்ஜ் டேல்ஸ் என்ற இன்னொரு தொல்லியலாளர் காட்டிவிட்டார். ஆனால் வீலரின் கதை இன்றும் பல பக்கங்களில் உயிரோடு உலவுகிறது.

படங்கள் வேறு வகைத் தொல்லை. 'நடன மங்கை' என்று தேடினால் திரை முழுக்க நிற்கும், மொகஞ்சதாரோவில் கிடைத்த அந்த வெண்கலச் சிலையின் உயரம் வெறும் 10.5 சென்டிமீட்டர். பிள்ளைகள் ஆள் உயரச் சிலை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கேல் வைத்துத் தாளில் அந்த அளவுக்கு வரையச் சொன்னால் அந்த நினைப்பு அங்கேயே போய்விடும். இன்னொன்று, தோண்டியெடுத்த பொருளின் புகைப்படமும் ஓவியர் கற்பனையில் வரைந்த நகரமும் தேடலில் பக்கத்துப் பக்கத்தில் வரும். இப்போது ஏஐ வரைந்த மொகஞ்சதாரோ வேறு வந்துவிட்டது. ஒட்டும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'பொருள்' அல்லது 'கற்பனை' என்று எழுத வேண்டும் என்று விதி போட்டுவிடுங்கள்.

ஆண்டுகளில் ஒரு தடுமாற்றம் வரும். கி.மு. 2600, கி.மு. 1900 இரண்டில் எது முந்தையது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் பாதி கை தவறாக உயரும். ஒரு பக்கத்தில் கி.மு. என்றும் இன்னொன்றில் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்றும் இருந்தால் இரண்டும் வேறு கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். தேடலைத் தொடங்கும் முன் சுவரில் ஒரு காலக்கோடு வரைந்து ஒட்டினால் போதும்.

நம்மவர்கள் தனியாகச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சிந்துவெளி எழுத்து என்று வந்தவுடன் 'அது தமிழ்தான்' என்று ஆசிரியரே விடையை முன்கூட்டிச் சொல்லிவிடுவது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் அந்த எழுத்துகளுக்கு விரிவான தொகுப்பு வெளியிட்டார். அந்த மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்று அவரும் ஃபின்லாந்தின் அஸ்கோ பர்போலாவும் வாதிட்டார்கள். ஆனால் எல்லோரும் ஏற்கும்படி இதுவரை யாரும் அதைப் படித்துவிடவில்லை. படித்துவிட்டோம் என்று சொல்லும் யூடியூப் வீடியோக்களுக்கு, தமிழிலும் சரி வேறு மொழிகளிலும் சரி, பஞ்சமில்லை. அந்த வீடியோ ஒன்றைக் காட்டிவிட்டு, 2025 ஜனவரியில் அந்த எழுத்தின் புதிரை விடுவிப்பவருக்குத் தமிழ்நாடு முதலமைச்சர் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த செய்தியையும் கொடுங்கள். ஏற்கெனவே படித்துவிட்டார்கள் என்றால் பரிசு எதற்கு என்று பிள்ளையே கேட்கும். 'இன்னும் தெரியாது' என்பதும் விடைதான் என்று அது ஒப்புக்கொள்ளும் நேரம் அது.

குழுவாகப் பிரிக்கும்போது, போன் வைத்திருக்கும் பிள்ளை எல்லா வேலையையும் செய்ய, கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை எழுத, மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனா மூடியைக் கழற்றித் தருவார்கள். ஆளுக்கு ஒரு சான்று என்று பிரித்துக் கொடுத்து, அவரவர் சான்றை அவரவரே மற்றவர்களுக்கு விளக்க வேண்டும் என்று வையுங்கள். 'நீ எகிப்திய அடிமை, டைரி எழுது' என்பது போன்ற பணிகளைச் சான்றுகளைப் படித்து முடித்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் சினிமாக் கதைதான் வரும்.

கடைசியாக மதிப்பெண். ஜிகினா ஒட்டிய சார்ட்டுக்கு ஒன்பதும், பென்சிலில் எழுதிய நல்ல வாதத்துக்கு ஆறும் போட்டால், அடுத்த முறை எல்லோரும் ஜிகினாதான் வாங்குவார்கள். எதற்கு எவ்வளவு என்பதைத் தொடங்கும்போதே பலகையில் எழுதிவிடுங்கள். பத்துக்கு, சொன்ன கருத்துக்குச் சான்று காட்டியதற்கு நான்கு, அந்தச் சான்று எவ்வளவு நம்பத்தக்கது என்று சொன்னதற்கு மூன்று, எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பதில் சொன்னதற்கு இரண்டு, அழகுக்கு ஒன்று. படித்துக்கொண்டே போகும்போது தன் முடிவை மாற்றிக்கொண்ட பிள்ளை, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதினால் போனஸாக ஒரு மதிப்பெண் போடுங்கள்.