தொழிற்கல்லூரி தொடங்குமுன்: சிறிய கத்தோலிக்கக் கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எழுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் பை, அதற்குள் சான்றிதழ்கள், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகள். பி.ஏ. பொருளாதாரத்துக்குப் பணம் கட்டி, ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபின் கேட்டார்: "ஏன் சார், இம்புட்டு இடம் கெடக்கே, ஒரு வக்கீல் காலேஜு, நர்சு காலேஜு நீங்களே வைக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. மதுரையைச் சுற்றித் துறவற சபைகள் நடத்தும் கல்லூரிகளுக்கு இது புதிதும் அல்ல. 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியாகட்டும், 1970இல் கருமாத்தூரில் தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரியாகட்டும், வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகளை இப்படிப்பட்ட கல்லூரிகள்தான் பட்டதாரி ஆக்கின. அடுத்த படியாகச் சட்டம், பொறியியல், மருத்துவம் என்று யோசிப்பதில் தப்பில்லை. யோசிக்கும் முறையில்தான் தப்பு நடக்கிறது. நான் வேலை பார்த்த கல்லூரியிலும், நண்பர்கள் இருக்கும் கல்லூரிகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்ததை எழுதுகிறேன்.

பெரிய தவறு, சீட்டைக் கட்டணத்தால் பெருக்கி அதையே வருமானம் என்று நம்புவது. கரும்பலகையில் எழுதும்போது அது அழகாகத்தான் இருக்கும். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் முதல் வருஷம் சேர்வது 60 பேர். வகுப்பெல்லாம் நிரம்பி 300 பேர் ஆவது ஐந்தாம் வருஷத்தில். ஆனால் முதல்வர், நூலகம், மாதிரி நீதிமன்றம், அலுவலகம் எல்லாம் முதல் நாளே வேண்டும். பொறியியலில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கணக்குப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். 60 பேர் சேரும் ஒரு பிரிவுக்கு நாலு வருஷத்தில் 240 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஒரே ஒரு பிரிவுக்கு, படிகளைச் சேர்க்காமலே, மாதம் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ரூபாய் வந்துவிடுகிறது.

அரசு உதவிபெறும் துறைகளில் சம்பளத்தை அரசு தருகிறது. அந்த வசதியிலேயே பழகிய நிர்வாகத்துக்கு, மாதக் கடைசியில் சம்பளப் பணத்துக்கு அலைவது எப்படி இருக்கும் என்று தெரியாது. புதிய தொழிற்கல்லூரிக்கு அரசு உதவி கிடையாது. கட்டணத்தை நம் இஷ்டத்துக்கு வைக்கவும் முடியாது. அதற்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. சீட்டுக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நற்செய்தியின் பேரால் நடத்தும் கல்லூரி அதை வாங்கலாமா? முதல் பட்டதாரி சலுகையும் ஆதிதிராவிட மாணவர்களின் உதவித்தொகையும் அரசிடமிருந்து வரும். ஆனால் நாம் சம்பளம் போட வேண்டிய தேதியில் வராது. நம்மிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தச் சலுகைகளை நம்பி வருகிறவர்கள் என்பதால் இந்தத் தாமதத்தையும் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஐநூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருந்தன. கவுன்சலிங்கில் வருஷா வருஷம் சீட்டுகள் நிரம்பாமல் கிடந்து, எத்தனையோ கல்லூரிகள் மூடப்பட்டன. அவற்றைத் தொடங்கியவர்களும் இதே பெருக்கல் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

அடுத்தது, ஆஸ்பத்திரி இல்லாமல் மருத்துவக் கல்லூரிக் கனவு காண்பது. 100 எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு 420 படுக்கைகள் உள்ள மருத்துவமனை வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி. படுக்கை போட்டால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு மருத்துவமனையும், 1954 முதல் மருத்துவக் கல்லூரியும், பெரிய தனியார் மருத்துவமனைகளும் உள்ள மதுரையில் புதிதாக 420 படுக்கைகளை யாரை வைத்து நிரப்புவது? மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூர் எய்ம்ஸை நாம் கண்ணால் பார்த்தோம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் இல்லாததால் 2022இல் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் போய்ப் படிக்க ஆரம்பித்தார்கள். மத்திய அரசு கையில் எடுத்த வேலைக்கே அந்த நிலை.

மருத்துவக் கல்வியில் பெயர் பெற்ற கத்தோலிக்க நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் விஷயம் புரியும். மங்களூரில் சேசு சபையின் முல்லர் அடிகளார் 1880இல் ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அது ஆஸ்பத்திரியாக வளர்ந்து, அங்கே எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது 1999இல். நூறு வருஷத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மாணவர்களைச் சேர்த்தார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் 1963இல் வந்தது; அதன் பின்னால் நின்றது இந்திய ஆயர் பேரவை முழுவதும். ஒரு மாநிலத்தில் ஒரு சபை, அதில் ஒரு கல்லூரி, இருபது ஏக்கர் நிலம் என்ற கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நர்சிங்கும் அப்படித்தான். வார்டு இல்லாமல் நர்சிங் கற்றுக்கொடுக்க முடியாது.

சரி, சட்டக் கல்லூரிக்கு லேப் வேண்டாமே, செலவு குறைவுதானே என்பார்கள். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபின் இந்த ஆசை இன்னும் கூடியது. ஆனால் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் சீட் கிடைக்கும்போது, அது கிடைக்காதவர்கள்தான் நம்மிடம் அதிகப் பணம் கட்டிச் சேர்வார்கள். மஞ்சள் பைக்காரர் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வால்பரைசோ என்ற லூத்தரன் பல்கலைக்கழகம் 1879இல் தொடங்கிய சட்டக் கல்லூரியை, மாணவர் சேர்க்கை சரிந்ததால் 2020இல் மூடியது. அதே மாநிலத்தில் மரியன் என்ற பிரான்சிஸ்கன் பல்கலைக்கழகம் 2013இல் மருத்துவக் கல்லூரி தொடங்கி இன்றும் நடத்துகிறது. ஆகவே எல்லாமே தோற்கும் என்று நான் சொல்லவில்லை. பழமையோ நல்ல பெயரோ மட்டும் காப்பாற்றாது என்கிறேன்.

வெளியில் அதிகம் பேசாத தவறு ஒன்று உண்டு. சபைக் கல்லூரிகளில் அதிபரும் செயலரும் சில வருஷங்களில் மாற்றலாகிப் போவார்கள். கட்டடத்தின் அடிக்கல்லை ஆசீர்வதித்தவர் வேறு ஊரில் இருப்பார். கடன் தவணை கட்டுகிறவர் நேற்று வந்தவராக இருப்பார். பதினைந்து வருஷத்துக்கான பொறுப்பை யார் பெயரில் எழுதுவது என்று சபையின் மாகாணத் தலைமை முடிவு செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

எனக்கு அதிக வருத்தம் தருவது, புதிய கல்லூரியின் பள்ளத்தைப் பழைய கல்லூரியை வைத்து நிரப்புவது. ஒரே நாளில் யாரும் தமிழ்த் துறையையோ வரலாற்றுத் துறையையோ மூடிவிடுவதில்லை. ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடாமல் விடுவார்கள். பிறகு மணிக்கணக்குக் கூலிக்கு ஒருவர் வருவார். நூலகத்துக்கு வரும் இதழ்கள் குறையும். விடுதிச் சாப்பாட்டில் முட்டை நாட்கள் குறையும். 1606இல் சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்து இறங்கியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, தமிழைக் கற்றது. அந்த மரபில் வந்தவர்கள் மொழித் துறையைப் பட்டினி போட்டு வேறொன்றை வளர்ப்பது எனக்கு வலிக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றி 1990இல் போப் இரண்டாம் ஜான் பால் விடுத்த திருத்தூது ஆவணம், வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு, முக்கியமாக ஏழைகளுக்கு, கல்வி எட்ட வேண்டும் என்கிறது. வங்கிக் கடனில் கட்டிய கல்லூரியில் அந்த ஏழைக்குக் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் தைரியம் எந்தச் செயலருக்கு வரும்?

செலவு குறைந்த வழிகளைப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். பி.ஏ. முடித்தவர் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். அதற்கு ஆயத்தமாகக் கடைசி வருஷத்தில் சட்டத்தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம். ஏற்கெனவே நடக்கிற மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டு, சமூகப் பணி, உளவியல் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

இதைத்தான் அன்று அந்த எழுமலைக்காரரிடம் சொன்னேன். பாப்பா இங்கே மூணு வருஷம் படிக்கட்டும், அப்புறம் மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, செலவு அதிகம் ஆகாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். "காலேஜு இருக்கு சார். அந்த மூணு வருசம் புள்ள தங்குறதுக்கு எடம்?" என்றார். எங்கள் விடுதியில் எங்கள் மாணவிகளை மட்டும்தான் சேர்ப்போம். அந்த மாத நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த விஷயம் அது ஒன்றுதான்: வேறு கல்லூரியில் படிக்கப் போகும் நம் பழைய மாணவிகளுக்கு நாற்பது கட்டில்.