அரசுப் பணிக்காகப் பொது மேலாண்மையில் முதுகலை: முதல்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு நலத்திட்டம் அறிவிக்கப்படும் நாளுக்கும் அதன் பயன் மக்களிடம் போய்ச் சேரும் நாளுக்கும் இடையில் நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, ஊழியர் நியமனம், தகுதிச் சரிபார்ப்பு, தணிக்கை என்று எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. அவற்றுள் எது எங்கே தடைபடுகிறது, ஏன் தடைபடுகிறது, யார் எதை மாற்றினால் நகரும் என்று ஆராயக் கற்றுத் தருவதுதான் பொது மேலாண்மைப் படிப்பு. இதில் முதுகலை சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். செய்ய விரும்பும் வேலையை முதலில் தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: எந்த வேலை என்று எழுதி வையுங்கள்

"அரசுப் பணி" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேலைகள் அடங்கியிருக்கின்றன. நிதித் துறையில் வரவு செலவுத் திட்டம் தயாரிப்பவரும், நகராட்சியில் குடிநீர் விநியோகத்தைக் கவனிப்பவரும், தணிக்கை அலுவலரும், அரசு மருத்துவமனையின் நிர்வாகியும் அரசுப் பணியாளர்களே. பன்னாட்டு அமைப்புகளும், அரசின் சேவைகளை ஒப்பந்த அடிப்படையில் வழங்கும் தொண்டு நிறுவனங்களும்கூட இதே பட்டதாரிகளைத் தேடுகின்றன. பதவியின் பெயரை விட்டுவிட்டு, நாள்தோறும் எந்த வகையான முடிவுகளை எடுக்க விரும்புகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, அந்தப் பணிக்கான நியமன விதிகளை முழுமையாகப் படியுங்கள். பல நாடுகளில் நிரந்தரப் பதவிகள் போட்டித் தேர்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன; முதுகலைப் பட்டம் மட்டும் அந்தப் பதவியைப் பெற்றுத் தராது. வயது வரம்பு என்ன, குடியுரிமை நிபந்தனை உண்டா, முதுகலைக்கு முன்னுரிமையோ கூடுதல் மதிப்பெண்ணோ உண்டா என்று பாருங்கள். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தால் முதலில் தேர்வு, பிறகு பணியில் இருந்தபடியே முதுகலை என்பதுதான் சரியான வரிசை. இதைச் சொல்லித் தராமலே மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

படி 2: பட்டங்களின் பெயர் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

மூன்று பெயர்கள் உங்கள் கண்ணில் படும்: பொது நிர்வாகம், பொதுக் கொள்கை, பொது மேலாண்மை.

நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரித்துத் தனித் துறையாகப் படிக்க வேண்டும் என்று, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1887-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். 1924-இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட மேக்ஸ்வெல் பள்ளி, பொது நிர்வாக முதுகலையின் முன்னோடிகளுள் ஒன்று. 1980-களில் பிரிட்டனும் நியூசிலாந்தும் இன்னும் சில நாடுகளும் செயல்திறன் இலக்கு, ஒப்பந்தம், போட்டி போன்ற தனியார் துறை முறைகளை அரசுக்குள் கொண்டுவந்தன. இந்தப் போக்குக்குக் கிறிஸ்டோபர் ஹூட் 1991-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வழியே "புதிய பொது மேலாண்மை" என்ற பெயர் பரவலாக நிலைத்தது. இன்றைய பொது மேலாண்மைப் படிப்புகள் பலவற்றில் அதன் தாக்கத்தையும், அதன் மீதான விமர்சனத்தையும் சேர்த்தே காணலாம்.

பொதுவாகச் சொன்னால், எதைச் செய்வது என்ற கேள்விக்குப் பொருளியல், புள்ளியியல் துணையோடு விடை தேடுவது பொதுக் கொள்கை. முடிவானதை எப்படிச் செய்து முடிப்பது என்பதில் கவனம் செலுத்துவது பொது மேலாண்மை. ஆனால் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் முற்றிலும் வேறான பாடங்களை நடத்தும்.

படி 3: பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள்

விளம்பரக் கையேட்டை ஒதுக்கிவிட்டுப் பாடத்திட்டத்தைத் தரவிறக்குங்கள். பொது நிதியும் வரவு செலவுத் திட்டமும், புள்ளியியலும் திட்ட மதிப்பீடும், மனிதவள மேலாண்மை, நிர்வாகச் சட்டமும் நெறிமுறையும் ஆகிய நான்கும் கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசுக் கொள்முதல் விருப்பப் பாடமாகவாவது இருந்தால் நல்லது. பள்ளிக் கட்டடமோ மருந்தோ, அரசு வாங்கும் எதுவும் கொள்முதல் விதிகளைக் கடந்துதான் வர வேண்டும். அப்படியிருந்தும் பல படிப்புகள் அதைத் தொடுவதே இல்லை.

பிறகு, மதிப்பெண் எதற்குத் தரப்படுகிறது என்று தேடுங்கள். முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வா, அல்லது கொள்கைக் குறிப்பு, தரவுப் பயிற்சி, குழுப்பணி, உண்மையான ஓர் அரசு அலுவலகத்துக்காகச் செய்யும் இறுதித் திட்டப்பணி ஆகியவையும் உண்டா? இரண்டு படிப்புகளுக்கு நடுவில் தடுமாறினால், உண்மையான அலுவலகத்தோடு திட்டப்பணி செய்ய வைக்கும் படிப்பையே தேர்ந்தெடுங்கள். தரவரிசையில் அது சில இடங்கள் பின்தங்கியிருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

தர அங்கீகாரத்தையும் பாருங்கள். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட நாஸ்பா என்ற அமைப்பு இத்துறையின் முதுகலைப் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கிறது. வேறு நாடுகளின் படிப்புகளும் அதனிடம் விண்ணப்பிக்கலாம். பொது அமைப்புகளை வழிநடத்துதல், கொள்கை உருவாக்கத்தில் பங்கேற்றல், பகுத்தாய்ந்து முடிவெடுத்தல், பொதுநல நோக்கைக் கடைப்பிடித்தல், பலதரப்பட்ட மக்களோடும் ஊழியர்களோடும் உரையாடுதல் என ஐந்து திறன்களை அது எதிர்பார்க்கிறது. அங்கீகாரம் பெறாத படிப்பையும் இந்த ஐந்தை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படி 4: விண்ணப்பிக்கும் முன் ஒரு பயிற்சி

இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்துமா என்று கண்டறிய எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இது. உங்கள் அரசின் நிதிநிலை அறிக்கையைத் திறந்து, உங்களுக்கு அக்கறையுள்ள ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை, ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு, இறுதியில் உண்மையாகச் செலவான தொகை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் வெவ்வேறு ஆண்டுகளின் ஆவணங்களில் சிதறிக் கிடக்கும். தேடி எடுப்பதே பாதிப் பயிற்சி.

எடுத்துக்காட்டாக, ஒதுக்கீடு 100, திருத்திய மதிப்பீடு 70, செலவு 55 என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 ஏன் செலவாகவில்லை? பணம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் விடுவிக்கப்பட்டிருக்கலாம். ஒப்பந்தப்புள்ளிக்கு யாருமே விண்ணப்பிக்காமல் போயிருக்கலாம். களப்பணியாளர் பணியிடங்கள் காலியாக இருந்திருக்கலாம். தகுதியுள்ளவர்களால் கேட்ட சான்றிதழைக் கொடுக்க முடியாமல் இருந்திருக்கலாம். நினைத்ததைவிடக் குறைந்த செலவில் வேலை முடிந்திருக்கவும்கூடும். அப்படியானால் அது பாராட்டத்தக்க செய்தி. ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. ஒப்பந்தப்புள்ளியில் சிக்கல் இருக்கும்போது கூடுதல் ஊழியரை நியமிப்பதால் எதுவும் நகராது.

உங்கள் ஊகங்களுள் எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று தணிக்கை அறிக்கைகளிலும் துறையின் ஆண்டறிக்கையிலும் தேடுங்கள். பின்பு ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்: சிக்கல் என்ன, ஆதாரம் என்ன, செய்யக்கூடியவை எவை, நீங்கள் பரிந்துரைப்பது எது, அதைச் செய்ய அதிகாரம் உள்ளவர் யார். கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். அதிகாரம் இல்லாதவருக்கு எழுதிய பரிந்துரை கோப்பிலேயே கிடக்கும்.

இந்த வேலையில் நீங்கள் ஆழ்ந்துபோனால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஆர்வமே எழவில்லை என்றால், கட்டணம் செலுத்துவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

படி 5: நோக்க அறிக்கை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதித் தரும் கட்டுரை)

"சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் ஏராளமாகப் படிக்கிறார்கள். கனவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் உங்களைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நான் தன்னார்வலராக உதவிய மையத்துக்கு வந்த முதியோர் பலரின் ஓய்வூதிய விண்ணப்பங்கள், பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. மாற்று ஆவணங்களை ஏற்க விதியிலேயே இடம் இருந்தது. பின்னாளில் தணிக்கையில் கேள்வி வருமோ என்ற அச்சத்தால் எழுத்தர்கள் அவற்றை ஏற்கவில்லை. விதி மாறாமலே நடைமுறையை எப்படி மாற்றுவது என்று கற்க விரும்புகிறேன்."

இந்த நான்கு வாக்கியங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதன் காரணம் இருக்கிறது, யாரையும் வில்லனாக்காத நேர்மை இருக்கிறது. மக்களை நேரில் சந்திக்கும் எழுத்தரும் செவிலியரும் காவலரும் எடுக்கும் அன்றாட முடிவுகளே மக்களைப் பொறுத்தவரை அரசின் கொள்கையாகின்றன என்பது அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கியின் ஆய்வால் இத்துறையில் ஆழமாக வேரூன்றிய கருத்து. விண்ணப்பதாரர் அந்தப் பெயரையே அறியாமல் அதன் மையத்தைத் தொட்டுவிட்டார். எழுதி முடித்ததும், இதற்கு விடை தேட இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் உதவும் என்று பெயர் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

படி 6: பரிந்துரைக் கடிதமும் பணமும்

பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். படி 4-இல் எழுதிய குறிப்பையும் அவரிடம் கொடுங்கள். குறிப்பிட்டு எழுத அவருக்குச் செய்தி கிடைக்கும்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது நிபந்தனைகளை முதலில் படியுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை பணி அனுபவத்தை எதிர்பார்க்கிறது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி குறைந்தது 2 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அரசு ஊழியராக இருந்தால் கல்வி விடுப்பு விதியையும், திரும்பி வந்து எத்தனை ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்ற உறுதிப் பத்திரத்தையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். கடன் வாங்கிப் படிப்பதானால், மாதத் தவணையை நீங்கள் விரும்பும் அரசுப் பதவியின் தொடக்க ஊதியத்தோடு ஒப்பிடுங்கள். தனியார் ஆலோசனை நிறுவனங்களின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்க்கும்.

படி 7: சேர்ந்த பிறகு

முதல் பருவத்திலேயே புள்ளியியலை முடித்துவிடுங்கள். மற்றப் பாடங்களின் கட்டுரைகளைப் படிக்க அது தேவைப்படும். போட்டித் தேர்வு உங்கள் திட்டத்தில் இருந்தால் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். இரண்டின் பாடங்களும் ஓரளவே ஒத்துப்போகும். இறுதித் திட்டப்பணிக்கு, படி 1-இல் எழுதி வைத்த வேலை நடக்கும் அலுவலகத்தையே அணுகுங்கள். அறிக்கையை மதிப்பெண்ணுக்காகச் சமர்ப்பித்ததோடு நிறுத்திவிடாமல், அதன் ஒரு பக்கச் சுருக்கத்தை அந்த அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நேரில் கொடுத்து, அரை மணி நேரம் பேச அனுமதி கேளுங்கள்.